சீல் பிடிக்காத தாள்

பிள்ளைகளே, இந்தப் பூமியைச் சுருட்டிக் கையில் கொடுத்தால்கூட, "சைஸ் என்ன?" என்று கேட்டு லேமினேஷன் போட்டுவிடக்கூடிய ஒரு மனிதரோடு நான் வளைகுடா நாட்டில் ஒரே அறையில் இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் லேமினேஷன் அண்ணன்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் ஊறுகாயும் கருவாடும் கொண்டுவருவார்கள். அண்ணன் கொண்டுவந்தது ஒரு குட்டி லேமினேஷன் மிஷின். ஏன் என்று கேட்டால் மரக்காணத்துக் காற்றைத் திட்டுவார். உப்பளத்தை ஒட்டிய வீடு அவருடையது. அங்கே காற்றிலேயே உப்பு இருக்கும். பீரோவுக்குள் வைத்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நமுத்துப்போய், மடித்த இடத்திலெல்லாம் துண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டதாம்.

"பாஸ் பண்ணது நானு. பெயிலானது பேப்பருடா!" என்பார்.

அன்றிலிருந்து அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. யார் என்றைக்குச் சமைப்பது என்று எழுதிய தாள், மருந்துக்கடை ரசீது, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் பளபளவென்று உறை. ஒருமுறை அப்பளத்தையே மிஷினுக்குள் விட்டார்.

"அண்ணே, அது அப்பளம்ணே!"

"தெரியுதுடா. நமுத்துப் போவாம இருக்கும்ல?"

உருளைகளுக்கு நடுவே புகுந்த அப்பளம் மறுபக்கம் தூளாக வந்தது. ஆனால் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதையும் சுவரில் ஒட்டினார்.

பிறகு கொரோனா வந்தது. வேலை நின்றது, விமானங்களும் நின்றன. அந்த நாட்டில் தங்குவதற்குக் கொடுக்கும் அட்டையை அக்காமா என்போம். அறைக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களிலேயே எங்கள் இருவருடைய அக்காமாவும் காலாவதியாகிவிட்டது. இனி அங்கே இருக்கவும் முடியாது, சட்டென்று கிளம்பவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து மரக்காணத்தில் அண்ணனின் அப்பா படுத்துவிட்டார். ஆயுசெல்லாம் உப்பு வாரிய மனிதர். போன் திரையில் அவர் முகம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

"ஏம்பா, பிளேனு வுட்டாங்களா?"

"வுடப்போறாங்கப்பா."

"வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா."

போனை வைத்ததும் அண்ணன் மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே துடைத்த மிஷின்தான்.

ஒருவழியாக, அக்காமா முடிந்தவர்கள் ஊர் திரும்புவதற்கென்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் அதன்மேல் ஒரு சீல் குத்துவார்கள், அப்புறம் ஏறிவிடலாம். எங்கள் இருவருக்கும் ஒரே விமானம். நான் என் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதைப் பார்த்து அண்ணன் பதறிப்போனார்.

"வேர்வைல ஊறிடும்டா! குடு, போட்டுத் தர்றேன்."

"வேணாம்ணே, வண்டி வந்துடுச்சு."

அவர் தன்னுடைய தாளுக்கு ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

கவுண்டரில் அதிகாரி சீலை ஓங்கிக் குத்தினார். மை முத்து முத்தாகத் திரண்டு வழுக்கி ஓடியது. மறுபடியும் குத்தினார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நீலமானது, தாள் அப்படியே பளபளத்தது. அண்ணன் பதறிப்போய் நகத்தால் உறையை உரித்தார். எழுத்தெல்லாம் உறையோடு போய்விட்டது. வேறு தாள் வாங்கி வா என்று அதிகாரி கையைக் காட்டிவிட்டார்.

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"நீ போடா. எனக்கு அடுத்த பிளேனுன்னு அப்பாகிட்ட சொல்லு. லேமினேஷன் போட்டுட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

ஊர் வந்ததும் எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தனியாகத் தங்கவைத்தார்கள். அங்கிருந்தே அவருடைய அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணனுக்கு அடுத்த பிளேனுங்க."

மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "வரட்டும்பா. மத்தவங்க மாதிரி இல்ல அவன், பேப்பரெல்லாம் பத்திரமா வெச்சிருப்பான். வந்துடுவான்."

"ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த விமானம் வருவதற்குள் அந்தப் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் வந்து இறங்கியபோது, புதிய தாள் அவர் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. சீல் மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது.

இப்போது மரக்காணத்தில் லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். போன வாரம் என் மகள், தான் வரைந்த படகை அவரிடம் நீட்டினாள்.

"பாப்பா, இதுல யாராச்சும் சீல் வெக்கணுமா?"

"இல்ல பெரியப்பா, இது சும்மா படகு."

"கையெழுத்து எதுனா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா."

பின்னால் நின்றவர் பொறுமையிழந்தார். "ஏம்பா, போட்டுக் குடுத்து அனுப்புப்பா. எனக்கு பஸ்ஸு போயிடும்!"

அண்ணன் அசையவில்லை. படகைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார்.

அவர் கடையில் எவ்வளவு நேரமானாலும் நான் நிற்பேன், பிள்ளைகளே. அன்றைக்கு அந்த விமானமும் இப்படிக் கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நிற்பேன்.