சிங்கம் என்று எழுதியதைத் திருத்தவும்

ஹனோவர்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய 'லைனக்கரை' மாத இதழ் ஆசிரியர் நாகமுத்து அண்ணை அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் குடும்பமும் இந்த நிமிடம் வரை நலம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நலமாக இருப்பது உங்கள் கையில் இருப்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சீனி வருத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். சென்ற இதழின் ஏழாம் பக்கத்தில் "காட்டுப்பன்றிகளை நடத்தும் தமிழ்ச் சிங்கம்" என்று என் மகன் பிருந்தனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, படமும் தெளிவாக இருந்தது, மனமார்ந்த நன்றி. இப்போது தயவுசெய்து அதை மறுத்து எழுதுங்கள்.

உங்களுக்குத் தெரியும், காட்டுப்பன்றிகள் என்பது எங்கள் பகுதி அமெரிக்கன் ஃபுட்போல் அணியின் பெயர். மூன்று வருடமாக அவர்கள் தோற்காத ஆள் இல்லை. ஆட்டம் பார்க்க விளையாடுகிறவர்களின் பெற்றோரும் ஒரு கிழட்டு நாயும்தான் வரும், நாயும் பாதியில் எழுந்து போய்விடும். இந்த வருடம் பத்தொன்பது வயதுப் பிருந்தனைக் குவாட்டர்பேக் ஆக்கினார்கள். பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவன் அவன்தான். அவ்வளவுதான், ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ஹம்பேர்க் அணியையும் வென்றால் மேல் பிரிவுக்குப் போகிறார்களாம். மேகமே இல்லாத நாளில் குடை கொண்டு போகிற சனம், ஒரு Termin-க்கு, அதுதான் முன்கூட்டியே குறித்த சந்திப்புக்கு, கால்மணி நேரம் முந்திப் போய் நிற்கிற சனம், இப்போது நடுத்தெருவில் என் தோளில் தட்டி "அடுத்த வருடம் ஜெர்மனி முழுக்க எங்கள் கையில்" என்கிறது. பேக்கரிக்காரி அவனுடைய சட்டை இலக்கமான ஏழின் வடிவத்தில் பாண் சுடுகிறாள். அண்ணை, இத்தனை வாய் ஒரு பிள்ளையை மெச்சினால் அந்தப் பிள்ளை தாங்குமா?

நான் அவனைப் பிறந்த நாள் முதல் ஒரு சொல் மெச்சியது கிடையாது. அன்பில்லாமல் அல்ல, பாதுகாப்புக்காக. எட்டாம் வகுப்பில் அவன் முதலாவதாக வந்து, சான்றிதழைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நல்லாச் செய்தனானோ அப்பா?" என்று கேட்டபோதுகூட, "கை கழுவிப்போட்டு வந்து சாப்பிடு" என்றுதான் சொன்னேன். அவன் சாப்பிட்டான். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆளும் ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்தான்.

இனி நான் எழுதப்போவதை என் மனைவி பிரபாலினிக்குக்கூடச் சொல்லவில்லை. ஏப்ரலில் நடந்த முதல் ஆட்டத்தில், அவன் நீளமாக ஒரு பந்தை எறிந்து அது போய்ச் சேர்ந்ததும், என் வலது காதுக்குப் பின்னால் ஒரு குரல், "என்ன கையடா இது, கடவுளே!" என்றது. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். எங்களைத் தவிர அந்த மைதானத்தில் தமிழர் கிடையாது. திரும்பிப் பார்த்தேன். சொசேஜ் தின்றுகொண்டிருந்த ஒரு ஜெர்மன் கிழவி, அவளுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் கதிரை. செவ்வாய்க்கிழமை பிருந்தனுடைய மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. இரண்டாவது ஆட்டத்தில் அதே காது, அதே குரல்: "கால் எண்டால் இதுதான் கால்!" மைதானத்தில் எட்டுப் பேர் விழுத்தப் பார்த்தும் விழாதவன் புதன்கிழமை எங்கள் வீட்டுப் படியில், ஒருவரும் தொடாமல் இடறிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். மூன்றாவது ஆட்டம் கஸலில். பாண் தொழிற்சாலையில் எனக்கு அன்று வேலை, பிரபாலினி மட்டும் போனாள். பிள்ளை ஒரு கீறல் இல்லாமல் வந்தான். நான்காவதில் "கண்ணெண்டால் கண்!" என்றது குரல். திங்கட்கிழமை கண்கட்டி, இரண்டு கண்ணிலும்.

போன ஞாயிறு ஐந்தாவது ஆட்டம். கையில்லை, காலில்லை. "உவன் பிள்ளையில்லை, முழுத் தங்கம்" என்று மிக மெதுவாகச் சொன்னது. முழு ஆளையும் சொல்லிவிட்டது அண்ணை. அன்றிலிருந்து நான் அவன் படி இறங்கும்போது பின்னால் இறங்குகிறேன், அவன் முட்டை பொரிக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன். "அப்பா, என்ன செய்யிறீங்கள்?" என்கிறான். நான் உப்பை எடுத்துக் கொடுக்கிறேன்.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதேயுங்கோ. ரசிகர் சங்கத் தலைவர் யூர்கனிடம் போய், "அவன் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, கார் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் ஃபெயில், சாப்பிட்ட கோப்பை கழுவ மாட்டான்" என்றேன். அந்த மனிதன் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தான். அடுத்த ஆட்டத்தில் ஆறு மீட்டர் துணியில் "பரீட்சையில் இரண்டு தோல்வி, மைதானத்தில் பூச்சியம்!" என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பிறகு பிரபாலினி நாவூறு கழிப்போம் என்றாள். ரசிகர்களின் காலடி மண் வேண்டுமே. மைதான வாசலில் குந்தியிருந்து தேக்கரண்டியால் அள்ளினேன். காவல்காரன் வந்து என்ன செய்கிறாய் என்றான். வீட்டில் பூச்சட்டி இருக்கிறது என்றேன். மண், உப்பு, பதினொரு செத்தல் மிளகாய், மூன்று தரம் அவனுடைய தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கரியாகிப் போனது, ஒருவருக்கும் இருமல் வரவில்லை. அப்பளம் பொரித்தாலே கட்டடத்தை எழுப்புகிற றௌக்மெல்டர், கூரையில் இருக்கும் அந்தப் புகைமணி, போன மாதம்தான் ஆள் வந்து சோதித்துவிட்டுப் போனது, வாயே திறக்கவில்லை. அறை முழுக்கப் புகை. மணமே இல்லை. பிரபாலினி அடுப்பை அணைத்துவிட்டுக் கருகிய மிளகாயை எடுத்து மணந்து பார்த்தாள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் அவள் மிளகாயை மணந்து பார்த்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஆகையால் என் பணிவான வேண்டுகோள். அச்சுக்கு நேரமில்லையென்றால் உங்கள் வாட்ஸ்அப் குழுவிலாவது, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர், பின்வரும் திருத்தத்தைப் போடுங்கள்: "சென்ற இதழில் செல்வன் பிருந்தன் விஜயரத்தினம் சிங்கம் என்று குறிப்பிட்டது தவறு. அவர் சாதாரணமான பிள்ளை. அணி வென்றது எதிரணிகளின் கவனக்குறைவால். வருந்துகிறோம்." எனக்கு மேல் பிரிவு வேண்டாம், கிண்ணம் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் அவன் தன் காலால் நடந்து வந்து கோப்பையைக் கழுவாமல் விட்டால் அது போதும்.

உங்கள் இதழ் நீடூழி வாழவும், முழங்கால் மடங்கி நிமிரவும், வீட்டிலுள்ள எல்லோரும் எவர் வாயிலும் விழாமல் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
சு. விஜயரத்தினம்

பி.கு.: அண்ணை, உறையை ஒட்டப் போகும்போது பிருந்தன் வந்தான். பிரபாலினி ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோக்களைப் பார்க்கச் சொன்னான். அந்தக் குரல் அதில் இருக்கிறது. "என்ன கையடா இது, கடவுளே!" நான், "ஆரடி இது?" என்று கேட்டேன். பிரபாலினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்கடை குரல் உங்களுக்குத் தெரியாதே? பக்கத்திலை இருந்து நீங்கள்தானே கத்தினீங்கள். இப்பவாவது வாய் திறந்து பிள்ளையை மெச்சுறார் எண்டு நான் ஒண்டும் கேக்கேல்லை." உண்மைதான். என் குரல். கோப்பியைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை என்று நான் கோயிலில் சத்தியம் செய்திருப்பேன். பெற்றவன் நாக்கைவிடப் பொல்லாத நாக்கு உண்டா? பத்தொன்பது வருடம் அடக்கி வைத்தது எனக்கே தெரியாமல் கொட்டியிருக்கிறது. ஆகவே உங்கள் மீதும் ஜெர்மன்காரர் மீதும் நான் சொன்ன குற்றம் எல்லாம் வாபஸ். திருத்தம் வேண்டாம். சிங்கம் சிங்கமாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போய்விடுகிறேன், அவன் பத்திரமாக இருப்பான் என்று முடிவும் எடுத்தேன்.

அப்போது பிருந்தன் கஸல் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டான். அதிலும் என் குரல் இருக்கிறது. மெச்சவில்லை. "பயப்பிடாதை தம்பி, நான் பின்னாலை நிக்கிறன்" என்கிறது. அந்த நேரத்தில் நான் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, பாண் வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றேன், வருகை அட்டை அடித்த நேரம் இருக்கிறது. பிருந்தன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "இதைத்தான் அப்பா நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் போட்டுக் கேக்கிறனான். வேலையை விட்டிட்டு வந்தனீங்கள் என்ன? கடைசி வரிசையிலை நிண்டதைக் கண்டனான். நான் கை காட்ட நீங்களும் காட்டினீங்கள்." அவன் முகம் அந்தச் சான்றிதழ் நாளில் இருந்த மாதிரியே இருந்தது. நான், "ஓம், வந்தனான்" என்றேன்.

அவன் போன பிறகு பிரபாலினியிடம் உண்மையைச் சொன்னேன். தானும் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லையாம், நான்தான் பிந்தி வந்து நிற்கிறேன் என்று நினைத்தாளாம். வேலைக்குப் போக வேண்டாம், நீங்களும் வாருங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று டிக்கட் எடுத்து வைத்திருக்கிறாள். மூன்றாவது ஆருக்கு என்று நான் கேட்கவில்லை.