ஆறு கட்லெட் விரதம்

எங்கள் பக்கத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாம் தடவை, "இல்லீங்க, இப்பத்தானுங்க சாப்பிட்டேன்." (கொலைப்பட்டினியாக இருந்தாலும்.) மூன்றாம் தடவை கூப்பிடும்போது, போனால் போகிறதென்று அவர்களுக்காகச் சாப்பிடுவதுபோல் இலையில் உட்கார வேண்டும். திருப்பூரைச் சுற்றி இந்த முறையால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ரயிலில் நான் கிடந்தேன். பழியைச் சம்பிரதாயத்தின் மேல் போட்டுவிடலாம். ஆனால் உண்மையான காரணம் பொறாமை. பொறாமைக்குப் பெயர் ஜெபராஜ்.

இரண்டாயிரங்களின் நடுவில் நானும் அவனும் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர்கள். சரக்கு வாங்கும் பையருக்குச் சாம்பிள் காட்டி, ஆர்டர் வாங்கி, சரக்கு கப்பல் ஏறும்வரை எல்லோரிடமும் திட்டு வாங்கும் வேலை. அவன் திருச்செந்தூர் பக்கத்துக்காரன். எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவன். கட்டிங் மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவனைத்தான் பிடிக்கும். பீகார்ப் பையன்களோடு டீ குடித்தே இந்தி கற்றுக்கொண்டான். அவன் தலைமுடிகூட என்னுடையதைவிட அடர்த்தி. (அப்போது எனக்கும் முடி இருந்தது.)

டெல்லியில் ஒரு புதிய பையரைப் பார்க்க, முதலாளி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். ஆர்டர் கிடைத்தால் எங்களில் ஒருவருக்கு அதன் முழுப் பொறுப்பு. கண்ணாடி போட்ட தனி கேபின், மேசையில் தனி போன். யாருக்கு என்பதைப் போகிற வழியில் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கேபினுக்குள் நான் உட்காருவதைவிட, அவன் உட்காராமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

ஈரோடு தாண்டியதும் முதலாளி தூக்குப்போசியைத் திறந்தார். உள்ளே பொடி இட்லி. ஊத்துக்குளி நெய் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது.

"எடுத்துக்க கண்ணு," என்று என்னிடம் நீட்டினார்.

"வேண்டாமுங்க மொதலாளி."

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டிருக்கையில் குறுக்கே ஒரு கை வந்தது.

"நான் எடுத்துக்கிடுதேன் சார். நல்ல பசி," என்றான் ஜெபராஜ்.

எட்டு இட்லி எடுத்தான். எட்டு! முதலாளிக்கோ ஒரே சந்தோஷம். "பசிச்சா இப்படிக் கேக்கோணும். வெக்கப்பட்டா தொழில் பண்ண முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே மீதியைத் தானே சாப்பிடத் தொடங்கினார். இரண்டாவது அழைப்பு வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவன் தின்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, நீ ஒண்ணுமே சாப்புடல?" என்று கடைசியில் முதலாளி கேட்டார்.

இன்னொரு தடவை மறுத்துவிட்டுப் பொறுத்திருந்தால் இட்லி கிடைத்திருக்கும். ஆனால் எனக்கு அப்போது வேண்டியது இட்லி இல்லை. ஜெபராஜின் மூக்கை உடைக்க வேண்டும்.

"விரதமுங்க மொதலாளி. இந்த ஆர்டர் நமக்குக் கெடைக்கோணும்னு வேண்டியிருக்கறனுங்க. டெல்லி போய்ச் சேர்ற வரைக்கும் வெறும் தண்ணிதானுங்க."

முதலாளியின் கை பாதியில் நின்றது. கண் கலங்கிவிட்டது. "நம்ம கம்பெனிக்காகவா சாமி? ஆர்டர் வந்தா அது உனக்குத்தான்."

ஜெபராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கை கழுவ எழுந்து போனான். அவன் முகத்தைப் பார்த்ததே எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருந்தது. அந்த நிறைவு சேலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

சாம்பிள் டி-சர்ட் போடும் பாலிபேக் ஒன்று என் தலைமாட்டில் கிடந்தது. எக்ஸ்.எல். என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதையே தலைக்கு வைத்துப் படுத்தேன். படுத்ததிலிருந்து ஒரே இட்லிக் கனவு.

மறுநாள் காலையிலிருந்து ரயிலின் சமையல் பெட்டி முழுக்க என் சீட்டைத் தாண்டித்தான் நடந்தது. ஆம்லெட் போனது. வடை போனது. மதியம் அலுமினியத் தட்டில் சாப்பாடு வந்தபோது ஜெபராஜ் தயிர்க் கிண்ணத்தின் மூடியையும் விடாமல் வழித்தான். ஒவ்வொரு ஆள் வரும்போதும் முதலாளி, "சாமி விரதமுங்க, இங்க நிக்காதீங்க," என்று பயபக்தியோடு விரட்டிக்கொண்டிருந்தார்.

பல்லார்ஷா நெருங்கும்போது எனக்குக் கண் இருட்டியது. காற்று வாங்கப் போவதாகச் சொல்லி, இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் போனேன். கட்லெட் தட்டோடு ஒரு ஆள் வந்தான்.

"கட்லெட்?"

"வேண்டாமுங்க," என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை, வளர்ப்பு சொன்னது! அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. போய்விட்டான். மூன்று பெட்டி துரத்தி, சமையல் பெட்டி வாசலில் பிடித்தேன். கை கழுவும் தொட்டியைப் பார்த்து நின்றபடி ஆறு கட்லெட்டை ரொட்டியோடு உள்ளே தள்ளினேன். மென்றதாக ஞாபகம் இல்லை.

வாயைத் துடைத்து, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு திரும்பினேன்.

"எப்படி வாடிப்போயிட்டே சாமி," என்று முதலாளி என் தலையைத் தடவினார். நான் சிரமப்பட்டுப் புன்னகைத்தேன். அப்போது பின்னால் மூச்சிரைக்க ஒரு குரல் கேட்டது.

"சாப்! ஆப்கா சாஸ் ரஹ் கயா!"

அதே ஆள்தான். கையில் தக்காளி சாஸ் பாக்கெட்டுகள். நான் மறந்து விட்டுவிட்டு வந்ததைக் கொடுக்க அத்தனை பெட்டி தாண்டி ஓடி வந்திருக்கிறான், நல்ல மனிதன்.

முதலாளிக்கு இந்தி தெரியாது. "என்னப்பா சொல்றான்?" என்று ஜெபராஜிடம் கேட்டார்.

என் கேபின், என் போன், என் மானம் மூன்றும் அவன் வாயில் இருந்தன. நானாக இருந்தால் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்திருப்பேன்.

"ஆளு மாறி வந்துட்டான் சார்," என்றான் ஜெபராஜ்.

நல்லவனாகவும் இருந்து தொலைத்தானே! பொறாமைப்பட அதுவரை எனக்குத் தெரியாத ஒரு காரணத்தையும் அவனே கொடுத்துவிட்டான். ஆனால் அந்த ஆள் விடவில்லை. என் சட்டையைத் தொட்டுக் காட்டி, ஆறு விரலை நீட்டி, "கட்லெட்! கட்லெட்!" என்றான். என் சட்டைப் பையில் ரொட்டித் தூள் இருந்தது.

முதலாளி அந்தத் தூளைத் தட்டிவிட்டார். திட்டவில்லை. "வாங்கிக்க கண்ணு," என்றார். "ரயில்காரன் ஒருக்காதான் கேப்பான்."

சாமியிலிருந்து மறுபடி கண்ணு ஆகிவிட்டேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெபராஜ் எழுந்து என் தலைமாட்டிலிருந்த எக்ஸ்.எல். பாலிபேக்கைப் பிரித்தான். உள்ளே டி-சர்ட் இல்லை. காகிதத்தில் சுற்றிய, ஊசிப்போன நான்கு இட்லி, என் தலை பட்டு அடையாகக் கிடந்தது.

"நேத்து எட்டு எடுத்தது நம்ம ரெண்டு பேருக்குந்தாம்லே. நீ மொதல்ல வேண்டாம்னுதான சொல்லுவ. பொறவு குடுப்போம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள வெரதம்னுட்ட."

ஆர்டர் கிடைத்தது. கேபின் அவனுக்குப் போனது. இன்றைக்கு அவனுக்குச் சொந்தமாகப் பனியன் யூனிட் இருக்கிறது. முடியும் அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறான், என் மனைவி புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கிறாள்.

போன வாரமும் வந்திருந்தான். "இன்னொரு தோசை வெச்சுக்கங்க அண்ணா," என்று மனைவி நான்கு தடவை கேட்டுக் கேட்டு வைத்தாள். அவன் நான்கு தடவையும் சரி என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குங்க?" என்றாள். பழக்கதோஷத்தில் வேண்டாம் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டாள்.

மகள் மட்டும் இரக்கப்பட்டு, என் காலித் தட்டுக்குப் பக்கத்தில் சாஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள்.