கை நனைக்க வைத்த ஊசி

குண்டாக இருப்பது குற்றம் அல்ல. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் தொண்ணூறுகளில் எனக்குப் பெண் தேடியபோது யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பையன் கொஞ்சம் பெருவெட்டா இருக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இரண்டு வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். அம்மா எனக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள்.

அடுத்த இடம் சென்னிமலை. இதுவும் போனால் கல்யாணமே இல்லை என்ற பயத்தில், பெண் பார்க்கப் போகும் அன்று காலையில் கோயமுத்தூரில் என் ஜிம் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் பிரிட்ஜிலிருந்து லேபிள் இல்லாத சின்னப் புட்டி ஒன்றை எடுத்தார். (இன்று இந்த மாதிரி இளைக்கிற ஊசியைப் பெப்டைடு என்று ஊரே பேசுகிறது. அன்று எங்களுக்கு அது வெறும் பாரின் ஊசி.)

"கொழுப்ப அப்படியே உருக்கிப்போடுமுங்க. ஆராய்ச்சி நடந்துட்டு இருக்குதுங்க."

"மனுசங்களுக்குப் போட்டுப் பாத்துட்டாங்களா, மாஸ்டர்?"

"இப்பத்தானுங்க போடறோம்."

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். (சாயங்காலத்துக்குள் இடுப்பு சுருங்கிவிடுமாம். அவ்வளவு அறிவு எனக்கு!)

சென்னிமலை போய்ச் சேரும்போது பசி வந்தது. காரின் சீட் கவரைக் கடிக்கலாமா என்று யோசிக்க வைத்த பசி. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "ஊட்டுக்குப் போயித்தான் பதில் சொல்லோணும், கண்ணு" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மரியாதைக்காக முன்னால் ஒப்பிட்டு (எங்கள் ஊர்ப் போளி) வைத்தார்கள். நெய் மணந்தது. பெண் வெளியே வருவதற்குள் தட்டு காலி. அம்மா தொடையில் கிள்ளியது எனக்கு உறைக்கவே இல்லை.

பெண்ணின் அப்பா கண் கலங்கிவிட்டார். "கை நனச்சுப்போட்டீங்க. ரொம்ப சந்தோசமுங்க, மாப்ள!"

அவரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. கூடவே ரோஷமும் வந்தது. "சம்மதம்னு சாப்புடலீங்க. எளைக்கறதுக்கு ஊசி போட்டேன், அது பசியக் கெளப்பிப்போடுச்சுங்க. நான் குண்டன்தானுங்க. இனி எந்த ஊசியும் போட மாட்டேன். புடிச்சா இப்படியே கட்டிக்கட்டும்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா முகம் தொங்கிப்போனது.

கதவு மறைவிலிருந்து பெண்ணே பேசினாள். "இவருக்கே குடுத்துப்போடுங்கப்பா. இதுவரைக்கும் வந்தவங்க காப்பிகூடக் குடிக்காமப் போனாங்க. இவராவது சாப்புட்டாரே."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க இன்னும் ரெண்டு ஒப்பிட்டு கேட்டு வாங்கினேன்.

புட்டியில் என்ன இருந்தது என்று பிறகு மாஸ்டரைக் கேட்டேன். "அதுதானுங்க எனக்கும் தெரியல" என்றார். நான் இன்றுவரை இளைக்கவில்லை, இளைக்கப்போவதும் இல்லை. எந்த விருந்தில் நான் இரண்டாம் தடவை கை நீட்டினாலும் என் மனைவி பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள்:

"ஏனுங்க, பாத்துச் சாப்புடுங்க. பொண்ணக் குடுத்துப்போடப் போறாங்க!"