கருநெருப்பு இளவரசிக்கு ஓர் அத்தாட்சிக் கடிதம்

பொகவந்தலாவை,
10.07.2025, வியாழன்.

பெருமதிப்புக்குரிய கஜேந்திரன் ஐயா அவர்களுக்கு,

எங்கள் தோட்டத்து வாசிப்பு வட்டத்தின் செயலாளர் அ. நிலக்ஷி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மழையோடும் அட்டையோடும் சுகம். கொழும்பில் தாங்களும் தங்கள் பதிப்பகமும் அச்சுப்பிழை இல்லாமல் நீண்டகாலம் இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் அன்பளிப்பாக அனுப்பிய இருபத்திரண்டு நாவல்களும் நனையாமல் வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் ஒரு படிவமும் இருந்தது. வாசகர் கருத்தை ஐந்து வரிகளுக்குள் எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பின் பின்னட்டையில் போடுவீர்கள் என்று அதில் கண்டிருந்தது. ஐந்து வரிக்குள் அடங்கவில்லை, மன்னிக்கவும். நான் நேரில் பேசுகிறவள் அல்ல. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் பின்வரிசையில் இருந்து, வரவுப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்துவிட்டு வந்தவள். அங்கே பேசாமல் விட்டதெல்லாம் கடிதம் எழுத உட்காரும்போது மொத்தமாக வந்துவிடுகிறது.

முதலில் ‘வேங்கைவிழித் துரைமகன்’. இது எங்கள் பகுதியில் நடக்கும் காதல் கதை என்று அட்டையில் போட்டிருந்தபடியால் ஆசையோடு எடுத்தேன். நாயகி கொழுந்து பறிக்கும் பெண்ணாம். காலை பத்து மணிக்கு எழும்புகிறாள், வெள்ளைப் பட்டுச்சேலை உடுத்துகிறாள், தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக மலைக்குப் போகிறாள். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு அந்தத் தோட்டத்தில் கிடையாது. கொழுந்து நிறுப்பது கிடையாது. நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டுவது கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் அட்டைகூட யாரையும் கடிக்கவில்லை. நான் இதை வாசிக்க, என் அம்மா லெட்சுமி ரொட்டி சுட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிப்பவர். துரைமகன் குதிரையில் வந்து இறங்க, நாயகி கூடையை நழுவவிட்டு அவன் கண்களையே பார்க்கும் இடம் வந்தது. “கொட்டுன கொழுந்த யாரு பொறுக்குனது?” என்று அம்மா கேட்டார். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. “குதிரைய வேற மலைக்குள்ள உட்டுட்டாய்ங்களா? கவ்வாத்து வெட்டுன மலையில குச்சி குத்தி அதுக்குக் காலு என்னாத்துக்கு ஆகும்?” அதற்கும் பதில் இல்லை. அந்தத் துரைமகன் நூற்றெண்பதாம் பக்கம் வரை நாயகியை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அதெல்லாம் ஆழமான காதல் என்று நூற்றெண்பத்தோராம் பக்கத்தில் சொல்கிறார் ஆசிரியர். ஐயா, ஏசுவதுதான் காதல் என்றால் எங்கள் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நூற்று நாற்பது பேரைக் காதலிக்கிறார்.

‘மார்போடு ஒரு மார்கழி’யின் நாயகனுக்குப் பதினான்கு கம்பனிகள். ஆனால் காலையில் நாயகியின் வகுப்பறை வாசலில் நிற்கிறான், மத்தியானம் கடற்கரையில் நிற்கிறான், பின்னேரம் அவள் வீட்டு மதிலில் சாய்ந்து நிற்கிறான். பதினான்கு கம்பனியையும் யார் பார்க்கிறார்கள் என்று அவனுடைய அப்பாகூடக் கேட்கவில்லை. நாயகி ஏழு தடவை மயங்குகிறாள். ஏழு தடவையும் அவன் கையில்தான் விழுகிறாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் இரண்டு தடவை மயங்கினாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிப்பார்கள். பதினான்கு கம்பனிக்காரனுக்கு அந்த யோசனை வரவில்லை.

பிறகு மாயாஜாலக் கதைகள். ‘பனிமலைப் பிசாசரச’னுக்கு எண்ணூறு வயது. பெண்ணுக்குப் பத்தொன்பது. எண்ணூறு வருடத்தில் அவன் வாள் சண்டை கற்றிருக்கிறான், மேகத்தில் நடக்கக் கற்றிருக்கிறான், மன்னிப்புக் கேட்க மட்டும் கற்கவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை வேண்டியிருக்கிறது. இந்த ராச்சியங்கள் எதிலும் யாரும் சமைப்பதில்லை, துணி துவைப்பதில்லை. படை மட்டும் ஏழு நாள் நடக்கிறது. முதல் பக்கத்து வரைபடத்தில் நாற்பது மலைகள், ஒரு பஸ் தரிப்பிடம் போடுகிற அளவுக்கும் பாதை இல்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டு நன்றி சொல்லி முடித்திருப்பேன். ஆனால் ‘கருநெருப்புக் கிரீடம்: பாகம் ஒன்று’ இருக்கிறதே, அது எங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

அறுநூற்று நாற்பது பக்கம் ஐயா. இளவரசி கனலிகா முதல் நானூறு பக்கம் கண்ணாடி பார்க்கிறாள். கடைசியில் ஒரு மலையுச்சியில் மூன்று மாப்பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஒருவன் கடலின் இளவரசன், ஒருவன் ஓநாய்களின் தலைவன், மற்றவனுக்குக் கொம்பு. “உங்கள் அச்சம் எதுவென்று சொல்லத் துணிபவனுக்கே என் மாலை” என்கிறாள். ஓர் உருவம் முன்னே வருகிறது. அங்கே போட்டுவிட்டீர்கள் ‘இரண்டாம் பாகத்தில்’ என்று. பாகம் இரண்டு பெட்டிக்குள் இல்லை.

இந்தப் புத்தகத்தை எங்கள் லயத்து ஜெயந்தினி இரவல் கொண்டுபோனாள். வயது இருபத்திரண்டு. அப்பா சுதாகரன் மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. போன வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க டிக்கோயாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் மதுரன், போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் குனிந்த தலை நிமிராமல் இருக்க, பேச்செல்லாம் அவருடைய பெரியம்மாவே பேசியிருக்கிறார். தேத்தண்ணீர் கொடுத்த ஜெயந்தினி தட்டை வைத்துவிட்டு, “ஒங்களுக்கு என்னாத்துக்குப் பயம்?” என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். “எங்க புள்ளைக்கு ஒரு பயமும் கெடையாது” என்றார் பெரியம்மா. “அப்ப பொய் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே போய்விட்டாள். அவர்கள் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள்.

சுதாகரன் மாமா நேரே தோட்டத் தலைவர் செல்லசாமி மாமாவிடம் போய் முறைப்பாடு செய்தார். புத்தகம்தான் பிள்ளையைக் கெடுத்ததாம். அன்று பின்னேரமே வாசிப்பு வட்டத்து அலுமாரிக்குப் பூட்டு விழுந்தது. சாவி சுதாகரன் மாமாவின் சட்டைப் பையில். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்காக நான் மூன்று வருடம் அலைந்து சேர்த்த பழைய வினாத்தாள்களும் அதே அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை விசாரணை. கோயில் மண்டபத்தில்தான் வழக்கமாக நடக்கும். இந்த மாதிரிப் புத்தகத்தைச் சாமிக்கு முன்னால் வாசிக்கக்கூடாது என்று பூசாரி சொன்னதால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மாற்றினார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். படித்த பிள்ளை என்று என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். முதலில் துரைமகன் நாயகியை மழையில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடக்கும் இடத்தை நிலத்தைப் பார்த்தபடி வாசித்தேன்.

“சத்தமா வாசி புள்ள, பின்னுக்குக் கேக்கல!” என்றார் பேச்சியம்மா அக்கா. அவர் அம்மாவோடு கொழுந்து பறிப்பவர். “அவனோட மூச்சு எங்க பட்டுச்சுன்னு சொன்ன?”

“கன்னத்துல” என்றேன்.

“மூணு மைலு தூக்கிட்டு நடந்தவனுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். இதுல என்னா அதிசயம்?”

செல்லசாமி மாமா இருமினார். “அது போதும். அந்தக் கிரீடத்த எடு” என்றார். மலையுச்சியை வாசித்தேன். மூன்று மாப்பிள்ளைகளும் வந்து நின்றபோது, இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஓர் உருவம் முன்னே வந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

“யாரு வந்தது?” என்று கேட்டார் சுதாகரன் மாமா.

“தெரியாது மாமா. அது ரெண்டாம் பாகத்துல.”

“இப்புடி ஏமாத்துறவனெல்லாம் புத்தகம் எழுதுறான் பாருங்க தலைவரே!”

செல்லசாமி மாமா என்னைப் பார்த்தார். “நீயே சொல்லும்மா. இந்தப் பொஸ்தகம் நல்லதா, கெட்டதா? ஒரே பேச்சு.”

ஐயா, கெட்டது என்றால் அலுமாரியில் இருப்பதெல்லாம் தொழிற்சாலை அடுப்புக்குப் போகும். நல்லது என்றால் நான் பட்டம் வாங்கியதற்கு அர்த்தமில்லை. “மோசமான பொஸ்தகம்தான் மாமா” என்றேன். சுதாகரன் மாமாவுக்கு முகம் மலர்ந்தது. “ஆனா, அந்தக் கேள்வி நல்ல கேள்வி” என்றேன். இதை என் பக்கத்தில் இருந்த அம்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை. அம்மா எழும்பி, அடுத்த மலைக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, “பொஸ்தகம் மோசமாம்! கேள்வி நல்ல கேள்வியாம்!” என்றார். மடுவம் இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது.

கடைசியில் செல்லசாமி மாமா தீர்ப்பை ஒத்திவைத்தார். அந்த இளவரசி கடைசியில் ஒழுங்கான ஒருத்தனைத் தாய்தகப்பன் சம்மதத்தோடு கட்டியிருந்தால் அலுமாரி திறக்கும். இல்லாவிட்டால் அடுப்பு. “அதுக்கு அத்தாட்சி வேணும்” என்றார். “வாய்ப்பேச்சு எடுபடாது. கம்பனி லெட்டர்ஹெட்டுல, சீல் அடிச்சு, பெரியவரு கையெழுத்தோட வரட்டும்.” இங்கே பிறப்புக்கும் சீல், இறப்புக்கும் சீல், குடியிருப்பதற்கும் சீல். கனலிகாவுக்கு மட்டும் விலக்கு உண்டா?

ஆகவே ஐயா, இரண்டாம் பாகத்தைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். தங்கள் எழுத்தாளரை எனக்குத் தெரியும். கொம்பு வைத்தவனுக்குத்தான் மாலை போட்டிருப்பார். அதுவும் தாய்தகப்பனைக் கொன்றுவிட்டுப் போட்டிருப்பார். எனக்கு வேண்டியது ஒரு கடிதம் மட்டும். “மேற்படி இளவரசி கனலிகா என்பவர் பெற்றோர் சம்மதத்துடன் முறைப்படி திருமணம் செய்துகொண்டார் என இத்தால் உறுதிப்படுத்துகிறோம்” என்று தங்கள் கடிதத் தலைப்பில் அடித்து, முத்திரையிட்டு, அடுத்த ஞாயிறுக்கு முன் அனுப்பி உதவவும். அது உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தங்கள் பதிப்பகம் இதைவிடப் பெரிய பொய்களை முந்நூறு பக்கத்துக்கு அச்சிட்டிருக்கிறது.

இந்தப் புத்தகங்களை வாசித்து எந்தப் பெண்ணும் எந்த முடிவும் எடுக்கமாட்டாள் என்பதே என் துணிந்த கருத்து. விரும்பினால் பின்னட்டையில் போடலாம்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு விசாரிப்புகள். அச்சகத்து ஊழியர்களுக்கும் சொல்லவும். தங்கள் எழுத்தாளர்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. நிலக்ஷி (கலைமாணி),
செயலாளர், வாசிப்பு வட்டம்.

பி.கு.: தபாற்கந்தோர் பக்கம் போகிறவர் யாரும் கிடைக்காமல் கடிதம் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டது. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை மத்தியானம் அந்த மதுரன் டிக்கோயாவிலிருந்து தனியாக வந்தார். பெண் கேட்ட வீட்டுக்குப் பெரியவர்கள் இல்லாமல் யாரும் வருவதில்லை. லயமே வாசலுக்கு வந்துவிட்டது. “என்னா தம்பி, பெரியம்மா வரல்லியா?” என்றார் சுதாகரன் மாமா. “இல்லிங்க. அவுங்களுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போகலாமுன்னு வந்தேன்” என்றார். நின்றபடியே சொன்னார். “எனக்கு ரெண்டு பயம் இருக்குங்க. ஒன்னு எங்க பெரியம்மா. அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம ஒக்காந்திருந்தேனே, கடைசி வரைக்கும் இப்புடியே இருந்துருவேனோங்கிறது மத்தது.” உள்ளேயிருந்து ஜெயந்தினியின் குரல் கேட்டது: “ஒக்காரச் சொல்லுங்கப்பா. தேத்தண்ணி ஊத்துறேன்.”

அவர் நான்கு மணி பஸ்ஸுக்குப் போனபின் சுதாகரன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அலுமாரிச் சாவியை மேசையில் வைத்தார். தலைவரிடம் முறைப்பாட்டையும் மீளப் பெற்றுவிட்டாராம். எனவே அத்தாட்சிக் கடிதம் தேவையில்லை. என் துணிந்த கருத்தையும் பின்னட்டையில் போட வேண்டாம். ஆனால் அவர் உடனே போகவில்லை. “எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், நீதான் வாசிச்சுக் காட்டணும்” என்றார். “எங்க சின்ன மகளுக்கு இப்ப பதினாலு வயசு. அவளப் பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள அந்தப் பொஸ்தகத்துல இன்னும் என்னென்ன கேள்வி இருக்குன்னு நான் தெரிஞ்சு வச்சுக்கணும்.” ஆகவே, ஐயா, இரண்டாம் பாகத்தைத் தாமதமின்றி அனுப்பிவைக்கவும். உறையில் என் பெயர் வேண்டாம். திரு. சுதாகரன், தேயிலைத் தொழிற்சாலை என்று எழுதவும்.