தனலெட்சுமி வீட்டு ஆப்பிரிக்கா

உலக சமாதானத்துக்காக எத்தனையோ பெரிய மனிதர்கள் எத்தனையோ நாடுகளில் கூடிக் காபி குடித்துவிட்டுக் கலைந்திருக்கிறார்கள். ஆனால் அது உண்மையில் பிறந்த இடம் செண்டாயானைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில், தனலெட்சுமி அம்மையார் வீட்டு ஜன்னல் கம்பியில்தான். பிறந்தபோது அது கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு, மண்சாயம் ஏற்றிய ஆப்பிரிக்கத் திரைச்சீலை வடிவத்தில் இருந்தது. வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது அவர்கள் தலையெழுத்து.

பிரசவத்தின்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கணவர் கணேசமூர்த்தி.

கணேசமூர்த்தி அந்தத் தோட்டத்திலேயே கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை உத்தியோகம், பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை விட்டு வெளியேறிய காலத்தில் அம்பாங்கான் வட்டாரம் முழுக்க வாடகை வீடு தேடி அலைந்தார். அப்போது அவர் ஓர் அரிய இயற்கை விதியைக் கண்டுபிடித்தார். அம்பாங்கான் வீடுகள் கூச்ச சுபாவம் உடையவை. போனில் கேட்டால் இருக்கும். இவர் முகத்தை வாசல் கேட் அருகே கண்டதும் மறைந்துவிடும். "சாரி, வீடு போயிடுச்சு. இப்பத்தான்" என்பார்கள். எங்கே போனது, யாரோடு போனது என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்தச் சிரமமே வேண்டாம் என்றுதான், கடைசியில் கடனை உடனை வாங்கி, ஓட முடியாதபடி ஒரு சொந்த வீட்டைப் பிடித்துப்போட்டார்.

அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. அவர் முதுகுக்கும் இடுப்புக்கும் ஏற்றபடி குழிந்து, தைல வாசனை ஊறி, அவர் இல்லாதபோதும் அவர் உட்கார்ந்திருப்பதைப் போலவே தோன்றும். உலக சமாதானத்தின் முதல் பலி அதுதான்.

"ஏங்க, இந்த நாக்காலி 'கான்செப்ட்'டுக்கு ஒத்து வரல."

"எனக்கு ஒத்து வருதே லா!"

"ஒங்க இடுப்புக்கு ஒத்து வந்தா போதுமா? செவுத்துக்கு ஒத்து வர வேணாமா?"

சுவரைக் கேட்டார்கள். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று மாலையே பழைய சாமான் லோரி வந்து, நாற்காலியையும், முருகன் காலண்டரையும், பழைய சேலையில் தைத்த ஜன்னல் துணியையும் ஏற்றிக்கொண்டு போனது. லோரி முனை திரும்பும்வரை கணேசமூர்த்தி கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஆப்பிரிக்கா பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. தங்கமும் பச்சையும் சிவப்புமாக நெய்த கானா நாட்டுக் கென்டே துணி சோபாவைப் போர்த்தியது. புல்லில் பின்னிய கூடைகள் வந்தன. ஒரே மரத்தில் குடைந்த முக்காலி வந்தது. அதில் உட்காரப் போன கணேசமூர்த்தியைத் தனலெட்சுமி பாதி வழியிலேயே தடுத்தார்.

"அது உக்கார்றதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

"அப்ப எதுல உக்கார்றது?"

"நின்னா ஒடம்புக்கு நல்லது."

டீ மேசையாக ஒரு முரசு போடப்பட்டது. குவளையை வைத்தால் 'தொம்' என்று சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு மாரியம்மா, கோயிலில் தீபாராதனை காட்டுகிறார்கள் என்று எண்ணிச் சோற்றுக் கையோடு எழுந்து கும்பிடுவார். சுவரில் மாட்டிய வட்டமான இறகுக் கிரீடத்தைப் பார்த்து மாரியம்மாவின் சேவல் ஜன்னலோரமே தவம் கிடந்து, இளைத்து, கூவுவதை மறந்தது. கடைசியாக முகமூடிகள் வந்தன. நல்ல கருங்காலி மரம், நல்ல உளி வேலை. அவை மாட்டப்பட்ட நாளே வீட்டிலிருந்த பல்லிகள் குடும்பத்தோடு ரெம்பாவ் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நான் போய் விசாரிக்கவில்லை.

இத்தனைக்கும் பின்னால் ஒரு லட்சியம் இருந்தது. குடியிருப்போர் சங்கம் அந்த ஆண்டு 'அனைத்துலக நல்லிணக்க இல்லம்' என்றொரு விருதை அறிவித்திருந்தது. வாசல் தூணில் பித்தளைப் பலகை அடிப்பார்கள். முந்தின ஆண்டு 'பசுமை இல்லம்' பலகை மாரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அம்மாளிடம் இருந்ததோ ஒரே ஒரு கறிவேப்பிலை மரம். அன்றிலிருந்து தனலெட்சுமி அந்த மரத்தில் பகலில் கை வைப்பதில்லை; இருட்டிய பிறகுதான் பறித்துக்கொள்வார். தன்மானம் என்பது அதுதான்.

இந்த நேரத்தில்தான், பின்பக்கம் சும்மா கிடந்த அறையை வாடகைக்கு விடலாம் என்று கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். போன் வந்தது.

"அலோ, அங்கிள், ரூம் இருக்கா?"

"இருக்கு. யாரு பேசறது?"

"ஜார்ஜ், அங்கிள். ரெம்பாவ் பக்கம் தோட்டத்துல அந்தோனியம்மா வீட்ல தங்கியிருக்கேன். அந்த லயத்த இடிக்கப் போறாங்க லா. எனக்கு வேல செண்டாயான் பேக்டரில. மிசின் ரிப்பேரு."

கணேசமூர்த்தி நிமிர்ந்து நின்றார். லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடு, என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பில் பாதி வியாதி குறையும்.

"தண்ணி கிண்ணி உண்டா?"

"நெறைய குடிப்பேன் அங்கிள். பைப் தண்ணி."

"சமையலு?"

"மீன் கறி நல்லா வப்பேன். அந்தோனியம்மா சொல்லிக் குடுத்தாங்க. ரசம் மட்டும் கொஞ்சம் ஒறைப்பு தூக்கலாப் போயிரும் லா."

கணேசமூர்த்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "நம்மாளு. தோட்டத்துப் பையன். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன்தான், ஆனா தங்கமான புள்ள. குரல்லயே தெரியுது."

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. அன்னிக்கு சங்கத்துக்காரங்க பாக்க வர்றாங்க. ஏழைப் புள்ளைக்கு எடம் குடுத்திருக்கோம்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

"ரூம் ஒனக்குத்தாம்பா" என்றார் கணேசமூர்த்தி போனில். "சாமானோட வந்துரு."

ஞாயிறு காலை தனலெட்சுமி இறகுக் கிரீடத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு சின்ன லோரி வந்து நின்றது. கணேசமூர்த்தி வெளியே ஓடினார். லோரியின் மேல், மெத்தைக்கும் மீன் சட்டிக்கும் நடுவில், பழைய சாமான் லோரி ஏற்றிக்கொண்டு போன அவருடைய பிரம்பு நாற்காலி! அதே குழிவு. அதே தைலக் கறை. பக்கத்தில் சுருட்டி வைத்த முருகன் காலண்டர்கூட இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதால், நாற்காலியில் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆள் ஆறடிக்கு மேல். நல்ல கறுப்பு. மாதா கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டை. ஆப்பிரிக்கர்.

"அங்கிள், சாப்டாச்சா? நாந்தான் ஜார்ஜ்."

"எந்த ஜார்ஜ்?"

"போன் ஜார்ஜ், அங்கிள்."

"ஒனக்கு எந்த ஊரு?"

"ரெம்பாவ்."

"அதுக்கு முந்தி?"

"கானா. குமாசி டவுனு."

"அதுக்கும் முந்தி?"

"எங்கம்மா வயிறு, அங்கிள்."

தனலெட்சுமி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கணவரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த முகமூடிகளின் கீழே நின்றுகொண்டு, பதறிய குரலில் சொன்னார்:

"என்னங்க இது, ஆப்பிரிக்காக்காரன் வந்து நிக்கிறான்!"

"நீதானே ஆப்பிரிக்கா வேணும் வேணும்னு..."

"அது கைவினைங்க! இது ஆளு!"

இந்த நுட்பமான வேறுபாட்டைக் கணேசமூர்த்தி சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே சங்கத் தலைவர் சசிதரன், கழுத்துப்பட்டி சகிதம், கையில் பித்தளைப் பலகையோடும் சுத்தியலோடும் வந்துவிட்டார். வாசலில் ஜார்ஜைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"அடேயப்பா! தனலெட்சுமி, ஆளையே வரவழைச்சிட்டீங்களா!"

தனலெட்சுமியின் முகம் அந்த நொடியில் எடுத்த திருப்பத்தை எந்த லோரியும் எடுக்க முடியாது.

"பின்ன? நம்ம ஜார்ஜ் தம்பி. உள்ள வாப்பா, ஏன் வெளியவே நிக்கற? கூச்சமா?"

ஜார்ஜ் உள்ளே வந்தார். வாய் பிளந்து சுற்றிலும் பார்த்தார். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, இது கென்டே. எங்கம்மா இத கல்யாணத்துக்குத்தான் வெளிய எடுப்பாங்க, ஒங்க பட்டுச்சேல மாதிரி. இதும்மேல நான் உக்காந்தது தெரிஞ்சா குமாசிலேருந்து செருப்பு பறந்து வரும் லா." சொல்லிவிட்டு லோரிக்குப் போய், பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார்.

சசிதரன் நாற்காலியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். குனிந்து முகர்ந்தார்.

"என்ன ஒரு கைவேலை! ஏதோ மூலிகை வாசம்கூட வருது. இது எந்தப் பகுதி?"

"அது வந்து, என்னோட..." என்று ஆரம்பித்தார் கணேசமூர்த்தி.

"மேற்கு ஆப்பிரிக்கா" என்றார் தனலெட்சுமி.

சசிதரன் தலையை ஆட்டினார். "பாத்தாலே தெரியுது. நம்ம ஊர்ல இந்த மாதிரி எங்க செய்யறாங்க! சரி தம்பி, நீங்க எங்க தங்கப் போறீங்க?"

"இங்கதான். அங்கிள் பின்னால ரூம் குடுத்துட்டாரு."

சசிதரன் கைதட்டினார். கூட யாரும் தட்டாததால் அவரே இன்னொரு முறை தட்டினார். நல்லிணக்கம் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, அதில் சங்கத்தின் பங்கு என்ன என்று டீ ஆறும்வரை பேசினார். பிறகு பித்தளைப் பலகையை வாசல் தூணில் தன் கையாலேயே அடித்தார். போட்டியில் கலந்துகொண்டது இந்த ஒரு வீடுதான் என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நன்றாக விழுந்திருப்பது ஜார்ஜின் சிரிப்புதான்.

சசிதரன் ஏறிப் போன காடி தெருமுனை திரும்பியது.

"அங்கிள், சாவி?" என்றார் ஜார்ஜ்.

தனலெட்சுமி கணவரைப் பார்த்தார். கணவர் பித்தளைப் பலகையைப் பார்த்தார். அது பளபளவென்று அவர் முகத்தையே காட்டியது. வாயைத் திறந்தபோது, என்ன சொல்வதென்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வார்த்தைகள் அம்பாங்கானிலிருந்து நேராக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டன.

"சாரிப்பா. ரூம் போயிடுச்சு."

"எப்ப அங்கிள்?"

"இப்பத்தான்."

"யாருக்கு?"

"சொந்தக்காரங்களுக்கு" என்றார் தனலெட்சுமி. "தூரத்துலேருந்து வர்றாங்க."

ஜார்ஜ் சுவரிலிருந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"பரவால்ல ஆன்ட்டி. எனக்குப் பழக்கம்தான். இந்த ஊரு ரூமு எல்லாம் போன்ல இருக்கும், நேர்ல வந்தா இருக்காது லா."

கணேசமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இயற்கை விதியைக் கண்டுபிடித்தவர் தான் ஒருவர்தான் என்று அத்தனை நாளும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லோரி கிளம்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாரியம்மாவின் குரல் வந்தது. "தம்பி! மீன் கறி வப்பேன்னு கடையில சொன்னது நீதானா? அந்தோனியம்மா பக்குவமா? அப்ப எங்க மேல் ரூம் சும்மாத்தான் கெடக்கு. வா. ஆனா ஒண்ணு, ரசம் நான்தான் வப்பேன்."

"பலகை ஒண்ணு வேணும்னா நானும் வச்சிருக்கேன்" என்று தனலெட்சுமியைப் பார்த்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். "பசுமைப் பலகை."

தனலெட்சுமி பொய் சொல்லத் தெரியாதவர். அறை போய்விட்டது என்று சொன்ன பிறகு அது போயிருக்க வேண்டும் அல்லவா? அன்று மாலையே வரவேற்பறையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த முகமூடிகளைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்னறையில் குடியேற்றினார். தூரத்துச் சொந்தங்கள் வந்து சேர்ந்துவிட்டன. பேச்சு சுத்தம்.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் கணேசமூர்த்தியின் கால்கள் தாமாகவே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகின்றன. ஜார்ஜ் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் முருகன் காலண்டர். காலடியில், பழைய தெம்போடு சேவல்.

"என்னப்பா ஜார்ஜ், செத்த நேரம் உக்காரலாமா? நின்னு நின்னு காலு கடுக்குது."

ஜார்ஜ் முகத்தை மிகவும் துக்கமாக வைத்துக்கொள்வார். "சாரி அங்கிள். நாக்காலி போயிடுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான்."

கொசு நாலு இடத்தில் கடிக்கும்வரை நிற்கவைத்துவிட்டு, பிறகு எழுந்து நாற்காலியைத் தட்டிக் கொடுப்பார். "உக்காருங்க அங்கிள். சொந்தக்காரங்க தூரத்துலேருந்து வர நேரமாவும் லா." மாரியம்மா உள்ளேயிருந்து சிரிப்பார். கணேசமூர்த்தியும் சிரிப்பார், கொஞ்சம் கழித்து. பிறகு அந்தக் குழிவுக்குள் முதுகைப் புதைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் மின்னும் தன் வீட்டுப் பித்தளைப் பலகையைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

சங்கம் அந்த விருதை இந்த ஆண்டும் அதே வீட்டுக்குக் கொடுக்க ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. நியாயம்தான். அந்தப் பின்னறையில் இன்றைக்கும் ஆப்பிரிக்கா நிம்மதியாகக் குடியிருக்கிறது. மின்விசிறிகூடப் போட்டு விடுகிறார்கள். இந்தத் தாமானில் ஆப்பிரிக்க முகம் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், வாசல் திறந்தே இருக்கிறது. முகத்துக்குப் பின்னால் ஆள் மட்டும் இருக்கக்கூடாது.