சில்வெஸ்டர் மீன் தலை மீட்ட படலம்

வாழ்க சில்வெஸ்டர்! மன்னார்க் கடலின் உப்புக்காற்றை உண்டு வளர்ந்தவரே, ஜேர்மனியின் எசன் மாநகரில் பேருந்துப் பணிமனையில் இடுப்புயரச் சில்லுகளை இடக்கையால் உருட்டிச் செல்லும் திண்தோளரே, ஐம்பத்திரண்டு அகவையிலும் ஒரு பல்லும் உதிராத முறுவலரே, உமது வெற்றியைப் பாடப் புகுந்தோம். தொலைந்த பூட்டுத் திறப்பையும் தொலைந்த கடவுச்சீட்டையும் தேடிக் கொடுக்கும் பதுவைப் புனிதராம் அந்தோனியாரே, ஒரு மீன் தலையைத் தேடிப் போனவரின் இந்தக் கதை வழிதவறாமல் நீரே துணை நிற்பீராக! இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் ஒன்றரை மணிக்கு இது நடந்தது.

போரின் வித்தோ பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. சில்வெஸ்டரின் இல்லக்கிழத்தியார், கறிச்சட்டியின் ஏகசக்கரவர்த்தினியார், சிசிலி அம்மையார், தம் ஆட்சியில் ஒரேயொரு சட்டம் வகுத்திருந்தார்: மீனின் தலை வீட்டுக்கு வந்தவர்களுக்கு உரியது. ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார் அம்மையாரின் தமையனார் ஸ்ரனிஸ்லாஸ். ஆகவே ஞாயிறுதோறும், விளைமீனாயினும் கொடுவாவாயினும், கன்னத்துச் சதையும் கண்ணடிக் கொழுப்பும் திரண்ட அந்தத் தலை மைத்துனரின் தட்டிலேயே வீற்றிருக்க, நம் நாயகர் வால்துண்டின் முள்ளை விரலால் விலக்கிக்கொண்டு, மைத்துனர் எலும்பை உறிஞ்சும் ஓசையைக் கேட்டபடி பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தார். அவருக்கு அது உண்மையாகவே பெருந்துயரம். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்நிலையில் மகள் லவினியா, தான் மணக்க விரும்பிய யோனாஸையும் அவன் தந்தை டீற்றரையும் பெற்றோர் சந்திக்க ஒரு விருந்தை ஏற்பாடு செய்தாள். யோனாஸ், பிறேசிலும் கொலம்பியாவும் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசும் தபாத்திங்கா என்னும் அமேசான் எல்லையூரில் ஓராண்டு தொண்டு செய்து திரும்பியவன். டீற்றர், ஒரு பூனையோடு தனியே வாழும் ஓய்வுபெற்ற நூலகர், மெல்லிய குரலும் தடித்த கண்ணாடியும் உடையவர். தபாத்திங்காவில் பிறந்த றைமுண்டா எசனில் நடத்திய சாப்பாட்டுக்கடையே களமாகத் தேர்வாயிற்று. புறப்படுமுன் வாசலில் நின்று லவினியா ஆணையிட்டாள்:

“அப்பா, அங்க போய் அது இது எண்டு ஒண்டும் கேக்கக்கூடாது. வைக்கிறதைப் பேசாமல் சாப்பிடுங்கோ. அவை எங்களைப் பாக்க வருகினம்.”

“ஓம் பிள்ளை,” என்று வாக்களித்தார் வீரர்.

ஆறே மேசைகள் கொண்ட அந்த அரங்கில், கோடையில் உலகக்கிண்ணத்துக்காகக் கட்டிய மஞ்சள்பச்சைக் கொடி இன்னும் கழற்றப்படாமல் தொங்க, பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பின்மேல் கிடந்த உணவுப் பட்டியலைச் சில்வெஸ்டர் விரித்தார். விரித்தவர் மூச்சை மறந்தார்! கரித்தணலில் வாட்டிய தம்பாக்கி மீன், அமேசான் ஆற்றின் அகன்மேனி மன்னன், கொழுப்பு மினுங்கும் கன்னங்களோடு படத்திலிருந்து அவரையே நோக்கினான். நாயகர் உள்ளம் கணக்கிட்டது: இது வீடன்று, இங்கே ஸ்ரனிஸ்லாஸ் இல்லை, வீட்டுக்கு வந்தவர் என்று எவருமில்லை, ஆகவே சிசிலியின் சட்டம் இங்கே செல்லாது. பதினெட்டு ஆண்டுகளில் முதல் தடவையாக அவர் வாயில் நம்பிக்கையோடு நீர் ஊறியது.

சமையலும் பரிமாறலும் தானொருத்தியே செய்யும் றைமுண்டா, தணல்வண்ணக் கன்னத்தினள், இரு கைகளிலும் நீள்தட்டு ஏந்தி, புகைமணம் முன்செல்ல எழுந்தருளினாள். மஞ்சள் மரவள்ளிக் குறுணல் மலைபோல் ஒருபுறம், வெங்காயமும் தக்காளியும் ஒருபுறம், நடுவே தோல் வெடித்துக் கொழுப்பு வழியும் தம்பாக்கி. ஆனால், அந்தோ! கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. கொத்தமல்லித் தழை மட்டும் கிடந்தது.

வாக்கு நாவைக் கட்டியது. வயிறு காலை அவிழ்த்தது. “கழிப்பறைக்குப் போட்டு வாறன்,” என்று அறிவித்து எழுந்த நாயகர், இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, கதவைத் தள்ளி, பகைவர் பாசறையுள் புகுந்தார். அங்கே, கவிழ்த்த சோடாப்பெட்டியின் மேல், மடியில் தட்டும் கையில் பிழிந்த தேசிக்காய்ப் பாதியுமாக றைமுண்டா அமர்ந்திருந்தாள். தட்டில் தலை இருந்தது.

இரு படைத்தலைவர்களுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன் மொழி ஒன்றே. அதிலேயே முழங்கினார்கள்.

“அந்தத் தலை எங்கள் மேசைக்கு உரியது!”

“உங்கள் மேசைக் கண்ணாடிக்காரர்தான் இங்கே வந்து வெட்டச் சொன்னார், அது தன்னைப் பார்க்கிறதாம். இந்த நாட்டில் ஐந்து ஆண்டுகளாக எவரும் தலை கேட்டதில்லை. கேளாத தலை சமைத்தவளுக்கு!”

“நான் கேட்கிறேன்!”

றைமுண்டா இடுக்கியை எடுத்தாள். சில்வெஸ்டர் தட்டின் விளிம்பைப் பற்றினார். அவள் இழுக்க, இவர் இழுக்க, தேசிக்காய் உருண்டோடி அடுப்பின் கீழ் ஒளிந்தது. வலிமையால் ஆகாது என்று கண்ட நாயகர், அப்போது தம் ஒப்பற்ற படைக்கலத்தை எடுத்தார்: அறிவு. கன்னத்தில் எந்த இடத்தில் விரலை விட்டால் சதை முழுதாக உருண்டு வரும், கண்ணின் பின்னே எந்தக் குழியில் கொழுப்பு தங்கும், எந்த எலும்பை முதலில் கடித்துப் பிறகு உறிஞ்சவேண்டும் என்று, தொடாமலே, சுட்டுவிரலால் காற்றில் வரைந்து காட்டினார். இடுக்கி மெல்லத் தாழ்ந்தது. ஆற்றங்கரையாள் கடற்கரையாரை ஏற இறங்கப் பார்த்து, தட்டை நீட்டி, ஒரு நிபந்தனை மொழிந்தாள்:

“எலும்பு மட்டுமே திரும்பி வரவேண்டும். ஒரு துணுக்குச் சதை மிஞ்சினாலும் என் கடைப்பக்கம் வராதே!”

“அந்தோனியார் மேல் ஆணை!” என்றார் வெற்றிவேந்தர்.

அவர் தலையை ஏந்தி மேசைக்குத் திரும்பிய கோலத்தை என்னென்பது! லவினியா கண்களை மூடிக்கொண்டாள். டீற்றர் கொடியைப் பார்த்தார். சிசிலி அம்மையாரின் முகமோ பூரித்தது.

“இஞ்சருங்கோ, நீங்கள் கெட்டிக்காரன்தான். சம்பந்திக்குத் தலை வைக்கேல்லையே எண்டு எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது,” என்றவர், கணவர் கையிலிருந்த தட்டை வாங்கி, தலையை டீற்றரின் தட்டில் இறக்கிவைத்தார்.

“இஞ்சாரும், அந்தாளுக்குத் தலை பிடிக்காதாம். அவரே வேண்டாமெண்டவராம்!”

“மரியாதைக்குச் சொல்லியிருப்பார். வந்தவைக்கு வைக்காமல் நீங்களே தின்னுறதோ?”

“நாங்களும் இஞ்ச வந்தனாங்கள்தானே!”

“நாங்கள் பெம்பிளை வீட்டுக்காரர்,” என்று தீர்ப்பளித்தார் சக்கரவர்த்தினி. மேல்முறையீடு இல்லை.

இவர்கள் வழக்கத்தில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று யோனாஸ் தந்தையின் காதில் ஓதினான். டீற்றர் வெளிறினார். முள்கரண்டியால் அந்தக் கொத்தமல்லித் தழையைத் தூக்கி மீனின் கண்ணை மூடினார். ஒதுக்கப்போகிறார், ஒதுக்கிவிடுவார் என்று நம் நாயகரின் நெஞ்சு துள்ளியது. நூலகரோ எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, மெல்லிய குரலில் முழங்கினார்:

“இத்தகைய மரியாதையை அவசரமாக உண்ணலாகாது. வீட்டுக்குக் கொண்டுபோய், ஆறுதலாக, தனிமையில் உண்பேன்!”

அம்மையார் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியிலேயே வைகாசியில் கலியாணம் என்று பேச்சு முற்றாயிற்று. றைமுண்டா வெள்ளித்தாள் கொண்டுவந்து தலையைச் சுற்றினாள். சுற்றும்போது, களத்தைவிட்டு ஓடிய படைவீரனைப் பார்ப்பதுபோல் சில்வெஸ்டரைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தார். மேசைக்கடியில் லவினியா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கை சும்மா கிடந்ததால் அவளுக்கு வசதியாக இருந்தது. பிறகு எஞ்சிய வால்துண்டைத் தம் தட்டில் இட்டு, பதினெட்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற விரல்களால், வாய்மூடி, வாக்குத் தவறாமல், மெல்ல முள் விலக்கத் தொடங்கினார் மன்னார்க் கடலின் மைந்தர்.

அன்று பின்னேரம் அந்தத் தலையை டீற்றரின் பூனை தின்றது.