மணி அடித்தால் பாய்

நாயா, நானா? இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் பிழைதிருத்துபவன். அச்சகத்திலிருந்து வரும் தாள்களை வீட்டிலேயே உட்கார்ந்து திருத்துகிறேன். மனைவி பல் மருத்துவமனையில் நர்ஸ். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது தெருவில் நின்ற நாயையும் கூட்டிவந்தாள். மறுநாளே சோபாவில் என் இடம் போயிற்று. அப்புறம் தலையணை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தேன்.

வாசல் மணி அடித்தால் மேனேஜர் கட்டடமே அதிரக் குரைப்பார். கீழ்வீட்டில் புகார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அறிவிப்பு அனுப்பினார்: ‘நாய் குறைப்பதைக் குரைக்கவும். ஞாயிறன்று நேரில் வந்து பார்ப்பேன். சத்தம் கேட்டால் நாய் வெளியேற வேண்டும்.’

பழக்கதோஷத்தில் இரண்டு பிழையையும் திருத்தினேன். உள்ளுக்குள் ஒரே கும்மாளம். மனைவிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

“அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாதுங்க. மணி அடிச்சதும் சத்தம் போடாம பாய்ல போய்ப் படுத்தா உடனே ஒரு கோழித் துண்டு. தானா கத்துக்கும்.”

“மணி அடிச்சா பாயுற நாய். பாய்ல படுக்குமாக்கும்?”

“பல் பிடுங்கிக்க வர்றவங்களையே சிரிக்க வைக்கிறேன். இது படுக்காதா?”

படுத்தது! இப்படியே போனால் ஞாயிறன்று நாய் ஜெயித்துவிடும்.

அவள் வேலைக்குப் போனதும் நான் வேலையை ஆரம்பித்தேன். சட்டைப்பை நிறைய சீஸ். கதவைத் திறந்து, கையை மட்டும் வெளியே நீட்டி மணியை அழுத்துவேன். குரைத்தால் சீஸ். சும்மா இருந்தால் ஒன்றும் கிடையாது. எல்லாம் அவள் முறைதான், அடிக்கவில்லை, அதட்டவில்லை. சீக்கிரமே மணி அடித்ததும் மேனேஜர் என் சட்டைப்பையைப் பார்த்துக் குரைக்கக் கற்றுக்கொண்டார். சீஸைத் தின்றுவிட்டு என் கையை நக்கும்போது மட்டும் மனசு என்னவோ செய்தது. சோபாவை நினைத்துத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலமானால் மனைவி என்னைக் கடைக்கு அனுப்புவாள். உப்பு, சோப்பு, மறுபடியும் உப்பு. சந்தேகப்படாமல் போய்வந்தேன்.

ஞாயிறு வந்தது. அவள் பாயை உதறிப் போட்டாள்.

“இதை அனுப்பச் சொல்லிட்டா என்னால தாங்க முடியாதுங்க.”

“நம்ம கையில என்ன இருக்கு?” என்றேன், சட்டைப்பையைத் தடவியபடி.

“நீங்க கீழ போய் செயலாளரைக் கூட்டிட்டு வாங்களேன். மரியாதையா இருக்கும்.”

போனேன். செயலாளர் மாடி ஏறிவந்து கதவில் காதை வைத்துக்கொண்டார்.

“மணியை அடிங்க சார்.”

அடித்தேன். சத்தமே இல்லை.

“சில நேரம் சரியா அடிக்காது சார்” என்று நீளமாக இன்னொரு தடவை அழுத்தினேன். ஊகூம். ஒரு முனகல்கூட இல்லை.

மனைவி கதவைத் திறந்தாள். மேனேஜர் பாயில் படுத்திருந்தார், பரம சாதுவாக. செயலாளருக்குப் புன்னகை. எனக்கு வியர்வை.

“வீட்டுக்குள்ள எல்லாரும் இருக்கும்போது ஒரு தடவை பார்த்துடலாமே சார்!” என்று நான் பதறினேன். செயலாளர் தலையசைத்து, வெளியே போய் மணியை அடித்தார்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். நேரே என்னிடம் வந்தார். சட்டைப்பையைப் பார்த்தார். குரைத்தார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது!

செயலாளர் முகம் சிவக்க உள்ளே வந்தார். ஜெயித்துவிட்டேன்!

மனைவி அசையவில்லை. “சார், இவர் பக்கத்துல இருந்தாத்தான் குரைக்கும். ஒரே ஒரு தடவை பாருங்க. என்னங்க, பால்கனிக்குப் போங்க.”

போனேன். மணி அடித்தது. நிசப்தம். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மணி அடித்தது. வள், வள்! மறுபடியும் பால்கனி. நிசப்தம்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் காதில் கிசுகிசுத்தேன்.

“பையில சீஸ் பிசுக்கோட உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு? நீங்க கடைக்குப் போனப்பல்லாம் பக்கத்து வீட்டம்மாவை மணியடிக்கச் சொல்லித்தான் பழக்கினேன்.”

செயலாளர் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார்: “நாய் இருக்கலாம். மணி அடிச்சா சார் மட்டும் பால்கனிக்குப் போயிடணும்.”

இப்போதெல்லாம் மணி அடித்தால் மேனேஜர் பாய்க்குப் போகிறார், நான் பால்கனிக்குப் போகிறேன். அவருக்காவது கோழித் துண்டு கிடைக்கிறது.